வயிற்றில் குடியிருப்போர் கேட்கும் செய்தி

தேர்வு மணி அடித்ததும் "வயிற்றைக் கலக்குகிறது" என்கிறோம். தலைமையாசிரியை அறையிலிருந்து அழைப்பு வந்தால் "வயிற்றில் புளியைக் கரைக்கிறது" என்கிறோம். அச்சம் பிறப்பது மூளையில். ஆனால் நம் முன்னோர் அதற்குக் கொடுத்த முகவரி வயிறு. இந்தப் பேச்சு வழக்கில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்க்கப் புகுந்த மேனிலை வகுப்பு உயிரியல் மாணவியராகிய நாங்கள், எதிர்பாராத ஓரிடத்தில் போய் நின்றோம். அச்சத்தின் செய்தியை நம் வயிறு கேட்கிறது. அத்துடன் வயிற்றுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் அதை ஒட்டுக் கேட்கின்றன! அவற்றுள் சில அந்தச் செய்தியைக் கேட்டுத் தம் நடத்தையையே மாற்றிக் கொள்கின்றன. வேறு சில நம் உடலின் செய்தியைப் போலியாக எழுதி நம்மையே ஏமாற்றுகின்றன.

முதலில் ஹார்மோன் என்றால் என்ன என்பதை நினைவுபடுத்திக் கொள்வோம். நாளமில்லாச் சுரப்பிகள் இரத்தத்தில் விடும் செய்திப் பொருளே ஹார்மோன் என்று பாடநூலில் படித்திருக்கிறோம். காவிரிப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு இதை விளக்க மேட்டூரை விட நல்ல உவமை கிடையாது. நீர் இருப்புப் போதுமான ஆண்டுகளில் ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். அந்த நீர் கல்லணைக்கு வந்து, பல ஆறுகளாகப் பிரிந்து, நம் ஊர்ச் சோழசூடாமணி ஆற்றையும் நனைத்து, வாய்க்கால் வழியே கடைமடை வரை செல்கிறது. திறந்தது ஓரிடத்தில், செய்தி போவதோ ஆயிரம் இடங்களுக்கு. ஆயினும் எந்த வயலில் மடை திறந்திருக்கிறதோ அந்த வயலில்தான் நீர் பாயும். ஹார்மோனும் அவ்வாறே. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அச்சம் வந்தவுடன் அட்ரினலினை இரத்தத்தில் விடுகிறது. அது உடல் முழுதும் ஓடினாலும், அதற்கான மடையை உடைய செல்களில் மட்டுமே வேலை செய்யும். அந்த மடைக்கு அறிவியலார் இட்ட பெயர் 'ஏற்பி'. இதயம் விரைந்து துடிக்கிறது, கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அட்ரினலினின் உடன்பிறப்பான நார்அட்ரினலினை நரம்பு முனைகளே சுரக்கின்றன. குடற்சுவரில் அத்தகைய நரம்பு முனைகள் ஏராளம்.

இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. வாய்க்காலில் நீர் வந்ததை உழவர் மட்டுமா அறிகிறார்? வரப்பு வளையில் இருக்கும் நண்டும், சேற்றில் புதைந்து கிடக்கும் தவளையும் அறிகின்றன. அவற்றுக்காக எவரும் அணையைத் திறக்கவில்லை. ஆனாலும் நீரின் வரவு அவற்றின் வாழ்க்கையை மாற்றி விடுகிறது. அப்படியானால் நம் உடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்? வளர்ந்த ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக 2016-ஆம் ஆண்டில் கணக்கிட்டார்கள். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடல்வாசிகள். நம் உடல் முழுவதிலும் உள்ள செல்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அவ்வளவேயாம்!

இதற்கு முதலில் தெளிவான விடை கண்டவர்களுள் அமெரிக்க ஆய்வாளர் மார்க் லைட் ஒருவர். 1992-ஆம் ஆண்டில் அவரும் உடன் ஆய்வாளரும், குடலில் வாழும் ஈ. கோலி போன்ற பாக்டீரியாக்களை இரத்தத் தெளிநீர் கலந்த ஊடகத்தில் வளர்த்து, நார்அட்ரினலினைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாக்டீரியாக்கள் பன்மடங்கு பெருகின. ஏன்? காரணத்தைத் தேடியபோது அது இரும்பில் போய் முடிந்தது. பாக்டீரியாவுக்கும் நம்மைப் போலவே இரும்புச் சத்து வேண்டும். நம் உடலோ அதைச் சும்மா கிடக்க விடுவதில்லை. பாட்டி நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதுபோல, டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதத்துக்குள் இரும்பை இறுக்கி வைத்திருக்கிறது. நார்அட்ரினலின் அந்தப் பிடியைத் தளர்த்தி விடுகிறது. அதாவது நாம் அஞ்சும் வேளையில் சுரக்கும் பொருள், பாக்டீரியாவின் கையில் பெட்டிச் சாவியைக் கொடுத்து விடுகிறது. 2000-ஆம் ஆண்டில் இது செய்முறையாக நிறுவப்பட்டது.

ஆனால் இரும்பு கிடைத்ததால் தின்று பெருகுவது வேறு. செய்தியைக் கேட்டுப் புரிந்துகொள்வது வேறு. பாக்டீரியாவுக்கு உண்மையிலேயே காது உண்டா?

இங்கே நாங்கள் மிகவும் ரசித்த ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈ. கோலியின் வகைகளுள் பெரும்பாலானவை தீங்கற்ற குடிமக்கள். ஆனால் ஓ157 என்ற வகை பொல்லாதது. 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சரியாக வேகாத மாட்டிறைச்சியை உண்டவர்களுக்கு இரத்தபேதி உண்டானபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. இந்தக் கிருமிகள் தமக்குள் ஒரு செய்திப் பொருளைப் பரிமாறிக் கொண்டு, "நாம் போதுமான எண்ணிக்கையில் சேர்ந்து விட்டோமா?" என்று கேட்டறிந்த பின்னரே தாக்குதலைத் தொடங்கும். தனி ஒருவராய்ப் போய் அடி வாங்குவானேன் என்ற முன்யோசனை! வனேசா ஸ்பெராண்டியோ என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் அந்தச் செய்திப் பொருளை உண்டாக்க முடியாதபடி ஒரு கிருமியை மாற்றி அமைத்தார்கள். அது ஊமைக் கிருமி. ஊமையானால் தாக்குதல் நின்றுவிட வேண்டும் அல்லவா? ஆனால் மனித செல்களின் அருகில் விட்டபோது அது வழக்கம்போல் தாக்கத் தொடங்கியது. யாரோ அதற்குக் குரல் கொடுக்கிறார்கள். யார் என்று தேடியதில் அகப்பட்டது, நம் அட்ரினலினே. அட்ரினலின் ஏற்பியை அடைக்க மருத்துவர்கள் கொடுக்கும் மருந்து வகைகளைச் சேர்த்தபோது, கிருமியும் அட்ரினலினைக் கேளாமற் போயிற்று. இது 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்தக் காது எது என்பதையும் 2006-இல் அவர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் கியூஎஸ்இ-சி. வேகமாகச் சொன்னால் மேட்டூர் நீரை அளக்கும் 'கியூசெக்' போல ஒலிப்பதால், எங்கள் வகுப்பில் இதை யாரும் மறப்பதில்லை.

கியூஎஸ்இ-சி என்பது பாக்டீரியாவின் உட்சவ்வில் குறுக்காகப் பொருந்தியிருக்கும் ஒரு புரதம். அதன் வெளிப்பகுதியில் அட்ரினலினோ நார்அட்ரினலினோ வந்து ஒட்டியதும், உட்பகுதி தன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றிக் கொள்கிறது. பிறகு அந்தப் பாஸ்பேட்டை உள்ளே காத்திருக்கும் மற்றொரு புரதத்திடம் கைமாற்றி விடுகிறது. அஞ்சலோட்டத்தில் குச்சியைக் கைமாற்றுவோமே, அதைப் போல. குச்சியைப் பெற்ற புரதம் டி.என்.ஏ.வில் போய் அமர்ந்து, நீந்தும் கசையிழைகளை உண்டாக்கும் மரபணுக்களை இயக்குகிறது. கிருமி குடற்சுவரை நோக்கி நீந்துகிறது. இதே செய்தித் தொடரின் வேறு கிளைகள், குடற்சுவரில் ஒட்டிக்கொள்ளும் கருவிகளை இயக்குகின்றன. ஓ157 ஒட்டிக்கொள்ளும் விதம் கேட்கவே வியப்பாக இருக்கும். தான் உட்காருவதற்கான ஏற்பியைத் தானே ஊசிபோன்ற குழாய் வழியாக நம் செல்லுக்குள் செலுத்திப் பொருத்தி, பிறகு அதன்மேல் அமர்கிறது. விருந்துக்கு அழைக்காமல் வந்தவர் நாற்காலியையும் கையோடு கொண்டு வந்த கதைதான்! இந்தக் காதை நீக்கிய கிருமியால் முயல்களுக்கு முன்போல் கடும் நோயை உண்டாக்க முடியவில்லை.

இவ்வளவு சிரமப்பட்டு அது நம் செய்தியை ஏன் கேட்க வேண்டும்? கசையிழையும் ஊசிக் குழாயும் செய்வதற்கு மிகுந்த ஆற்றல் செலவாகும். சாணத்திலோ குட்டை நீரிலோ கிடக்கும்போது அவற்றைச் செய்தால் வீண். எனவே, "நான் இப்போது குடலில்தான் இருக்கிறேனா?" என்று அறிந்துகொள்ள அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அட்ரினலின் குட்டையில் கிடைக்காது. உயிருள்ள உடலில்தான் கிடைக்கும். நாற்று விடப் போகும் உழவர் காலண்டரை மட்டும் பார்த்து விதைப்பாரா? தண்ணீர் வந்ததா என்று ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்த பிறகுதானே விதைப்பார்!

கேட்கும் காதுகள் எல்லாம் கேடு செய்வன என்று எண்ணிவிடக் கூடாது. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் அருள் ஜெயராமன் அவர்களின் ஆய்வகம் இதைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்தது. அட்ரினலின் இருக்கும் திசையை நோக்கி ஓ157 நீந்திச் செல்வதையும், அதனால் செல்களில் ஒட்டிக்கொள்ளும் திறன் கூடுவதையும் 2007-ஆம் ஆண்டில் அக்குழுவினர் காட்டினார்கள். அதே கட்டுரையில் இன்னொரு பொருளையும் சோதித்திருந்தார்கள். அது இண்டோல். நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் உள்ள டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்திலிருந்து, குடலில் நெடுநாளாய்க் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இண்டோலைச் செய்கின்றன. அட்ரினலின் "வா" என்றால் இண்டோல் "போ" என்கிறது. ஓ157-இன் நீந்தலும் ஒட்டுதலும் இண்டோலினால் குறைந்தன. 2010-இல் இன்னொன்றும் கண்டார்கள். குடற்சுவரின் செல்களுக்கு இடையே உள்ள இணைப்பை இண்டோல் இறுக்குகிறதாம். குடியிருப்போர் தம் வீட்டுச் சுவருக்குத் தாமே பூச்சு வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளலாம். நம் உடலில் உள்ள செரோடோனினில் சுமார் 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. அதுவும் இத்தகைய கிருமிகளின் தாக்குதலை அடக்குகிறது என்று ஸ்பெராண்டியோ குழுவினர் 2020-இல் வெளியிட்டார்கள். ஆகவே குடலுக்குள் ஒரே நேரத்தில் பல குரல்கள் ஒலிக்கின்றன. எது ஓங்குகிறதோ அதற்கேற்பக் கிருமி நடக்கிறது.

பெற்றோர் இதைப் படித்துவிட்டு, "தேர்வுப் பயத்தால் என் மகளுக்குக் கிருமி நோய் வந்துவிடுமோ?" என்று கலங்க வேண்டாம். அச்சத்தால் வயிறு கலங்குவதற்கு நேரான காரணம் நரம்புகளே. அவை பெருங்குடலை விரைந்து இயங்கச் செய்கின்றன. அச்சம் கிருமியைப் படைப்பதில்லை. கிருமி வாய் வழியாக, நீரிலோ உணவிலோ, வந்தாக வேண்டும்.

நீர் வழியே வரும் கிருமி என்றால் நம் பகுதியில் எல்லோர்க்கும் முதலில் நினைவுக்கு வருவது காலரா. பாட்டிமார் அதை வாந்திபேதி என்பர். பெயரைச் சொல்லவே அஞ்சிய காலமும் உண்டு. இந்தக் கிருமி நம் உடலின் செய்தியைப் போலியாக எழுதும் கலையில் கைதேர்ந்தது. அதன் சூழ்ச்சியை வெளிப்படுத்தியவர் ஓர் இந்தியர் என்பதும், அவர் பெயர் நம் பாடநூல்களில் அரிதாகவே காணப்படுகிறது என்பதும் எங்களுக்கு வருத்தம் தந்த செய்திகள்.

காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பிரித்தெடுத்தார். அது ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று அவர் கருதினார். ஆனால் அந்த நஞ்சு எழுபத்தைந்து ஆண்டுகளாக யாருக்கும் அகப்படவில்லை. பலர் கிருமியின் சாற்றை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்துத் தோற்றார்கள். கல்கத்தாவில் பணியாற்றிய சம்பு நாத் தே வேறு விதமாக எண்ணினார். நோய் குடலில் என்றால் சோதனையும் குடலில்தானே நடக்க வேண்டும்? முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு புறமும் நூலால் கட்டி, அந்தத் துண்டுக்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அது நீரால் உப்பியிருந்தது. இது 1953-இல். 1959-இல், கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிவிட்டு, அவை வளர்ந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. கிருமி இல்லாமலே நோயின் செயல் நடந்தது என்றால் நஞ்சு அந்த நீரில்தான் இருக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், நூலும் ஊசியும் தெளிந்த சிந்தனையும் கொண்டு செய்த சோதனை இது. நோபல் அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் இவரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார், பரிசு கிடைக்கவில்லை. 1985-இல் தே மறைந்தார்.

அந்த நஞ்சு என்ன செய்கிறது என்பது பிறகு தெரிய வந்தது. அதைப் புரிந்துகொள்ள மறுபடியும் அட்ரினலினிடம் போக வேண்டும். அட்ரினலின் செல்லின் கதவைத் தட்டுகிறதே தவிர உள்ளே நுழைவதில்லை. கதவுக்கு உட்புறம் இருக்கும் ஜி-புரதம் விழித்து, சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் இரண்டாம் தூதனை உண்டாக்கச் செய்கிறது. இந்தத் தூதனைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லாண்டுக்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது. குடல் செல்களிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே வேறு ஹார்மோன்கள் தட்டுகின்றன. தூதன் வந்ததும் செல் சிறிது உப்பையும் நீரையும் குடலுக்குள் விட்டு உணவை இளக்குகிறது. வேலை முடிந்ததும் ஜி-புரதம் தானே உறங்கி விடும். மதகைத் திறந்தவர் பலகையை மீண்டும் இறக்கி விடுவது போல.

காலரா நஞ்சு கதவைத் தட்டிக் காத்திருப்பதில்லை. உள்ளே நுழைந்து, ஜி-புரதம் மீண்டும் உறங்க முடியாதபடி அதில் ஒரு வேதித் துண்டைப் பொருத்தி விடுகிறது. மதகுப் பலகையை இறக்க முடியாதபடி ஆப்பு அடித்தாயிற்று! எந்த ஹார்மோனும் வரவில்லை. ஆனால் வந்துவிட்டதாகவே செல் நம்புகிறது. தூதர்கள் பெருகிக் கொண்டே போக, உப்பும் நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. கடுமையான நோயில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் நீர்கூட வெளியேறும். இது பழங்கதை அன்று. 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அதுவரை அறியப்படாத ஓ139 என்னும் புதுவகைக் காலரா சென்னையில் தலைகாட்டி, அடுத்து வங்கத்தில் பெருகிப் பரவியது.

நஞ்சின் சூழ்ச்சியில் ஒரு குறை உண்டு. அதுவே மனித குலத்துக்கு வழியாயிற்று. மதகில் ஆப்பு அடித்த நஞ்சு, பக்கத்திலுள்ள இன்னொரு வழியை மறந்து விட்டது. குளுக்கோஸ் வரும்போது உப்பையும் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லும் வாயில் அது. காலராவிலும் அது கெடுவதில்லை. 1971-ஆம் ஆண்டில், வங்கதேசப் போரின்போது பன்கான் அகதி முகாமில் ஊசி வழியே ஏற்றும் நீர் தீர்ந்து போகவே, டாக்டர் திலீப் மகாலநாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. கொடுத்தவர்களுள் பலர் நோயாளிகளின் தாய்மார்களும் உறவினர்களுமே.

நம் தமிழகத்தின் பங்கு வேலூரிலிருந்து வந்தது. சர்க்கரை உப்பு நீர் உயிரைக் காக்கும். ஆனால் பேதியைக் குறைக்காது. அது சிறுகுடலோடு நின்று விடுவதே காரணம். பெருங்குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வேலையின்றி இருக்கின்றனவே, அவற்றை அழைத்தால் என்ன என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் ஆய்வாளர்களும் எண்ணினார்கள். காலரா கண்ட 48 பேரை மூன்று குழுக்களாக்கி, ஒரு குழுவினருக்கு வழக்கமான கரைசலும், இரண்டாம் குழுவினருக்கு லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்த்த கரைசலும், மூன்றாம் குழுவினருக்கு எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தை அதே அளவு சேர்த்த கரைசலும் கொடுத்தார்கள். செரிக்காத மாவு பெருங்குடல் வரை போயிற்று. பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்துக் குறுந்தொடர்க் கொழுப்பமிலங்களாக மாற்றின. அந்த அமிலங்கள் குடற்சுவருக்குச் சேர்ந்ததும் அது உப்பையும் நீரையும் உறிஞ்சிக் கொண்டது. மூன்றாம் குழுவினருக்கு வெளியேறிய நீரின் அளவு குறைந்தது. வழக்கமான கரைசலைப் பெற்றவர்களை விடப் பேதியும் விரைவில் நின்றது. 2000-ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று. ஒரு பாக்டீரியா அடித்த ஆப்புக்கு மாற்றாக, வேறு பாக்டீரியாக்களைக் கொண்டே நீரை வேறு மதகு வழியாக உள்ளே திருப்பினார்கள்!

நெல் விளையும் ஊர்க்காரராகிய எங்களுக்கு, அரிசி மாவு இதில் முந்தவில்லையே என்று சிறிது மனக்குறைதான். அரிசி மாவு சிறுகுடலிலேயே செரித்துப் போகிறது, பெருங்குடலுக்கு மிஞ்சுவதில்லை. ஆனால் சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, செரிக்காத வகையாக மாறுகிறது என்பதை அறிந்தபோது மனம் தேறினோம். பேதி கண்டவருக்குப் பழைய சோற்று நீரைக் கொடுக்க இது காரணம் ஆகாது. அப்போது முதலில் தேவைப்படுவது உப்புச் சர்க்கரைக் கரைசலே.

ஐப்பசி கார்த்திகை மழையில் வாய்க்கால் நீர் கிணற்றில் கலக்கும் நாட்களில் இது எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் சிறந்தது, அதில் எழுதியுள்ள அளவு நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லையேல், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பு கூடினால் குழந்தைக்குக் கேடு. வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மீண்டும் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது. கண் குழிந்து, சிறுநீர் நின்று, குழந்தை துவண்டால் கரைசலைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.